கம்பெனி பஸ்ஸுக்குப் பிறகு

நவம்பர் 18, திங்கள்

கெமிஸ்ட்ரி டெஸ்ட்டில் பாஸ். அதைத் தவிர நல்லது எதுவும் நடக்கவில்லை.

என் ரெண்டாவது ஆல்பம் ‘பச்சைத் தோல்’ வெளியாகி ஒரு வாரம். கீழே எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். ‘கம்பெனி பஸ் பாடின பொண்ணா இது?’ ‘குரல் அதேதான், ஆள்தான் மாறிட்டாங்க.’ ‘முதல் ஆல்பத்தை இன்னொரு தடவை கேட்டுட்டுத் தூங்கப் போறேன்.’ எல்லாவற்றையும் படிக்கிறேன். எதற்குப் படிக்கிறேன்?

ஆனால் அது பயமில்லை. பயம் வேறு. அம்மா இன்னும் நாலாவது பாட்டைக் கேட்கவில்லை.

போர்வைக்குள் எழுதுகிறேன். அம்மா இந்தப் பக்கம் திரும்பினால் டார்ச்சை அணைத்துவிடுவேன்.

நவம்பர் 19

எப்படி இப்படி ஆனது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அம்மாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைன். போன வருஷம் காலையில் கம்பெனி பஸ்ஸிலேயே என்னையும் ஏற்றி, ஸ்கூல் வாசலில் இறக்கிவிடுவார்கள். டிரைவர் கண்டுகொள்ள மாட்டார். அங்கேதான் முதல் ஆல்பம் ‘கம்பெனி பஸ்’ஸின் ஆறு பாட்டும் வந்தன. நான் வரி வரியாகப் பாடுவேன், லைன் பெண்கள் தீர்ப்பு சொல்வார்கள். “இந்த வரி வேணாம்டி, எங்க மாமியா கேட்டா அவ்ளோதான்” என்பார் அக்தரி பேகம் ஆன்ட்டி. எடுத்துவிடுவேன். சர்ச் ஹாலில் போனிலேயே பதிவு செய்தோம். அதைத்தான் சென்னையில் எல்லோரும் கொண்டாடினார்கள்.

பிறகு சென்னையில் ஆல்பம் தயாரிக்கிற நவநீதன் சார் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார். அப்பா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். காலாண்டு லீவில் தனி ரூமில் உட்கார்ந்து எழுதினேன். ஷூ கம்பெனியைப் பற்றி எழுதியதை அவர் பாதியிலேயே நிறுத்தினார். “மெஷின், ஐடி கார்டு, டீ பிரேக்... இதுல என்னம்மா பாட்டு இருக்கு? தோல்னா நாத்தம் வேணும் கண்ணு. அப்பதான் கேக்கிறவன் நிமிந்து உக்காருவான்.”

அம்மா தைக்கிற தோலில் நாற்றம் கிடையாது. பதம் போட்டு, சாயம் ஏற்றி, பளபளவென்று வருகிற தோல் அது. நாற்றமெல்லாம் அதற்கு முன்னால், பச்சைத் தோலைப் பதனிடுகிற தோல் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியில். அது எனக்குத் தெரியும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தெரிந்தும் அந்த நாலாவது பாட்டை எழுதினேன்:

எங்கம்மா கையில தோல் நாத்தம் – அவ
ஊட்டுற சோத்துல தோல் நாத்தம்
எலுமிச்ச தேய்ச்சும் போகலியே – நான்
பசிக்குதுன்னு சொல்லலியே

சார் எழுந்து நின்று கைதட்டினார். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் பொய்.

நவம்பர் 21, வியாழன்

அம்மா பாட்டைக் கேட்டுவிட்டாள்.

பஸ்ஸில் யாரோ ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். சாயந்திரம் அக்தரி ஆன்ட்டி வாசலிலிருந்தே ஆரம்பித்தார். “இன்னா ஹெலன், உம் பொண்ணு உன்ன தோல் ஷாப்புக்கு டிரான்ஸ்பர் பண்ணிட்டாளே! சம்பளம் ஜாஸ்தியா அங்க?” பஸ்ஸில் ரெண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். அம்மாவும் சிரித்தாள். “பாட்டுன்னா அப்பிடி இப்பிடி இருக்கும், போக்கா” என்றாள்.



ராத்திரி அம்மா சோறு போடும்போது கரண்டியால் போட்டாள். குழம்பும் கரண்டி. எப்போதும் கையால் பிசைந்து, முதல் உருண்டையை என் வாயில் வைத்துவிட்டுத்தான் தட்டைக் கொடுப்பாள். பதினாறு வயசுக்கு இது என்ன என்று அப்பா கிண்டல் செய்வார். இன்று அவள் விரல் என் தட்டில் படவே இல்லை.

நவம்பர் 22

இன்றும் கரண்டி.

நவம்பர் 25, திங்கள்

ஹேமலதா பெஞ்ச் மாறி உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒன்றாக உட்காருகிறோம். அவள் அப்பா தனகோடி மாமாதான் பேரணாம்பட்டு தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறார். பாட்டில் வருகிற எலுமிச்சம்பழம் அவருடையது. ஹேமா ஒருநாள் சும்மா பேசும்போது சொன்னது.

பெல் அடித்ததும் பின்னாலேயே ஓடினேன். அவள் திரும்பிக் கேட்டாள்: “எங்கப்பா கை நாறுதுன்னு நான் உங்கிட்ட சொன்னனா? எலுமிச்சம்பழம் தேய்ச்சிட்டுத்தான் எங்கள தூக்குவாருன்னு சொன்னேன். அவ்ளோதான சொன்னேன்?”

ஆமாம். அவ்வளவுதான் சொன்னாள். நாற்றத்தை நான்தான் சேர்த்தேன்.

டிசம்பர் 2

சாருக்குப் போன் செய்தேன், பாட்டை எடுத்துவிடுங்கள் என்று. “அது ஒண்ணுதான் ஓடுதும்மா அதுல. ஏற்கெனவே முதல் ஆல்பத்தோட ஒப்பிட்டுக் கிழிக்கிறாங்க. இதையும் எடுத்துட்டா உன் பேரு என்ன ஆகும்?” பதினாலாம் தேதி சென்னையில் நிகழ்ச்சி. அந்தப் பாட்டில்தான் தொடங்கணுமாம்.

வர மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கையெழுத்து அப்பாவுடையது.

டிசம்பர் 15, ஞாயிறு

நேற்று சென்னையில் மேடையில் நின்றேன். கிடார் ஆரம்பித்தது. எனக்குப் பாட்டு வரவில்லை. மைக்கில் சொல்லிவிட்டேன்: “இந்தப் பாட்டு பொய். எங்கம்மா ஷூ கம்பெனியில தைக்கிறாங்க. எங்கம்மா கையில எந்த நாத்தமும் இல்ல.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள்! ஒரு அக்கா ஓடிவந்து கட்டிப்பிடித்தார். சார் வீடியோவை உடனே போட்டுவிட்டார். ‘என்ன நேர்மை’ என்று எழுதுகிறார்கள். பச்சைத் தோலை இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்கள்.

சீ.

டிசம்பர் 16

அம்மா வீடியோவைப் பார்த்துவிட்டாள். அரிசி கழுவிக்கொண்டே பேசினாள்.

“நல்லாத்தான் அழுற.”

“பொய்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்மா.”

“சொன்ன. எங்கம்மா கையில நாத்தமில்லன்னு சொன்ன. அப்ப தனகோடி அண்ணன் கையில?”

அம்மா அரிசியை மறுபடி அலசினாள்.

“என்னைய அந்தச் சுண்ணாம்புத் தொட்டியிலேருந்து தூக்கி வெளிய வச்சிட்ட. அவர உள்ளயே வுட்டுட்ட. நாத்தமே இருந்தாலும் இன்னாடி? அந்தப் புள்ள அந்தக் கையில சாப்டுதுல்ல? பசிக்குதுன்னு சொல்லிச் சாப்டுதுல்ல?” அரிசித் தண்ணீரை ஊற்றிவிட்டு, “எனக்கு வலிச்சது அந்த வரிதான்டி. நாத்தம் இல்ல. பசிக்குதுன்னு சொல்லலன்னு எழுதுன பாரு, அதான்.”

அவ்வளவுதான் பேசினாள். நான் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த முறை யாரும் பார்க்கவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

சர்ச் முடிந்து நேராக ஹேமா வீட்டுக்குப் போனேன். மாமா வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன எதுவும் வரவில்லை. “மாமா, நான் தப்பு பண்ணிட்டேன்” என்றேன்.

“பாட்டுல என் பேரா வச்ச? இல்லல்ல?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “ஷாப்புல பசங்க போட்டுக் கேட்டானுங்க. நானும் கேட்டேன். ராகம் நல்லாருக்கு.” பம்ப்பை சுவரில் சாய்த்து வைத்தார். “ஹேமாவ பாத்துட்டுப் போ. அவதான் பேஜார் ஆயிட்டா.”

ஹேமா உள்ளேதான் இருந்தாள். வெளியே வரவில்லை. மாமா எனக்கு டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார். குடித்தேன். அவர் விரலை நான் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன். முயற்சி செய்ததே அசிங்கம் என்று தெரிந்து, பார்த்தேன்.

டிசம்பர் 27

சாரிடம் சொல்லிவிட்டேன், இனிமேல் வர மாட்டேன் என்று. கத்தினார். அப்பாவும் கத்தினார். ரெண்டு ஆல்பத்தோடு நின்றுபோன பொண்ணு என்பார்களாம். சொல்லட்டும்.

பாட்டை எடுத்துவிட முடியாது. அது அங்கேயேதான் இருக்கும். நான் செத்தாலும் இருக்கும்.

ஜனவரி 9, வியாழன்

எதுவோ எழுதினேன். எந்த ஆல்பத்துக்கும் இல்லை. தனகோடி மாமா ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைத் தூக்குவது பற்றி. அம்மாவிடம் மெதுவாகப் பாடிக் காட்டினேன். பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

“எங்கிட்ட இன்னாத்துக்குப் பாடற? ஹேமாகிட்ட பாடு. அந்தப் புள்ள வேணான்னா வேணாம்.”

சாப்பாடு கரண்டியால்தான்.

ஜனவரி 23, வியாழன்

மத்தியானம் மைதானத்து வேப்பமரத்தடியில் ஹேமா தனியாக உட்கார்ந்திருந்தாள். போய் நின்றேன். பாடட்டுமா என்று கேட்டேன். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை. பாடினேன். 

முடிந்ததும் வெகு நேரம் டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு, “ரெண்டாவது வரி வேணாம்” என்றாள்.

அந்த வரியை அடித்துவிட்டேன். மற்றதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி ஒருமுறை பாடச் சொன்னாள்.