மஸ்கட்டில் வாங்கின பெடல்

அன்புள்ள அம்மாவுக்கு எஸ்றா எழுதுதேன். ஸ்தோத்திரம். இங்கன சுகம். மழை நேரத்துல உங்க மணிக்கட்டு இன்னும் வலிக்குதா? போன்ல பேசினா அப்பா பக்கத்துலயே இருப்பாங்க, அதான் காகிதம்.

கிட்டாருக்கு ஒரு டிஸ்டார்ஷன் பெடல் வாங்கினேன், சத்தத்தைக் கரகரப்பாக்க காலால அமுக்குத இரும்புப் பெட்டி. கீச்சுன்னு கத்துதது வேண்டாம்னு நாலு கடை ஏறி இறங்கினேன். கெயின் திருகைக் குறைச்சு, டோன் திருகைப் பைய இறக்கினா, தொண்டை கட்டினப்போ நீங்க பாடுத மாதிரி இதமா கரகரக்கும்.

அறையில கூட இருக்க வி.கே.புரத்து நடராஜ், "நிறுத்துலே"ன்னு அதை எட்டி உதைச்சான். சின்ன சண்டைதான், பயப்படாதீங்க. பெடலாலயே அவன் வாயில அடிச்சேன். உதட்டுல மூணு தையல். பெடல்ல ஒரு கீறல் இல்ல.

மறுபடி ஓங்கினப்போதான் என் கையைப் பார்த்தேன். என் பழைய பெடலை அம்மிக்குழவியால உடைச்ச அன்னைக்கு அப்பா கை அப்படித்தான் இருந்துச்சு. அன்னைக்கு நீங்க குறுக்க கையை நீட்டினீங்க. இங்கன குறுக்க வர ஆளில்ல. முகத்தை மறைச்ச அவன் கையிலயே அந்த அடியும் விழுந்துட்டு.

உங்க மணிக்கட்டுக்குப் போட்ட தைலம் ஒரு குப்பி குடுத்துவிடுங்க, அவனுக்குத்தான். ஊருக்குக் காகிதம் கொண்டுவாற டார்லின் அக்காவுக்கு ஏர்போர்ட் வண்டி வந்துட்டு, முடிக்கேன்.

எத்தனை நாள்ல வலி போகும்னு அவன் கேக்கான்மா.

எஸ்றா