கேட் நோட்டில் ஏறிய ஜாவா

ஒரகடம், 14.6.2011

அன்புள்ள செல்லக்கனி,

மூட்டுவலிக்கு மாத்திரை போடுகிறாயா? நான் சுகம், மானம்தான் கொஞ்சம் அடிபட்டுவிட்டது.

கம்ப்யூட்டர் மொழி படிக்கப் போனவள் ஜாவாவை விட்டுவிட்டு பி.எச்.பி. வகுப்பில் சேர்ந்தாளே என்று நம் மகள் முத்துச்செல்வியைத் திட்டினேன் அல்லவா? இரண்டில் எது நல்லதென்று, நான் காவல் நிற்கும் கம்பெனி கேட் வழியே வரும் இன்ஜினீயர்களை எல்லாம் கேட்டேன். மறந்துவிடுமே என்று, வருகைப் பதிவேட்டில் ‘கொண்டுவந்த பொருள்’ கட்டத்தில் அவரவர் சொன்னதைக் குறித்துவைத்தேன். செக்யூரிட்டி ஆபீசர் டில்லிபாபு பார்த்துவிட்டார்.

“இன்னா அண்ணாச்சி, ஏழு பேர் ஜாவா எட்த்துனு வந்துகீறாங்க, கேட் பாஸ் எங்க?”

வேலை போயிற்று என்றே நினைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, கம்ப்யூட்டர் பிரிவு மெர்சி மேடத்திடம் கூட்டிப்போனார்.

“வெப்சைட் வேலைக்கு பி.எச்.பி. சீக்கிரம் கைக்கு வரும்ணா. ஜாவா பெரிய பெரிய வேலைக்கு, நாளாகும். ஒண்ணு ஒழுங்கா வந்தா அடுத்தது சுலபம். பொண்ணு சரியாத்தான் சேர்ந்திருக்கு,” என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. அவள் செய்த வெப்சைட் பக்கம் ஒன்றையும் அச்செடுத்து அதோடு வை. அறைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

நேற்று போனில் அவளிடம் “சாப்பிட்டியா” என்று மட்டும்தான் கேட்டேன். ‘நீ சேர்ந்ததுதான் சரி, அப்பாதான் தெரியாம ஏசிட்டேன்’ என்பது கடைசிவரை வாயில் வரவில்லை.

வனமாமலை