மூன்றரைக்கு எதிரே

பிப்ரவரி 3

இன்று அண்ணன் சட்டையின் மேல் பட்டனைத் தானே போட்டுக்கொண்டான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அண்ணியும் நானும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து பட்டன் போடுவது அண்ணியின் வேலை. தையல்காரனுக்கே பட்டன் போட்டுவிட ஆள் வேண்டியிருக்கிறது என்று அவனே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நாங்கள்தான் சிரிக்க மாட்டோம்.

ஆஸ்பத்திரியின் கைப்பயிற்சி அறைக்கு இன்னும் ஆறு மாதம் போனால் கத்திரி பிடித்துவிடுவான் என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 9

பெரிய டாக்டர் கூப்பிட்டார். கைப்பயிற்சி அறையைத் தொடர்வதா மூடுவதா என்று மாதக் கடைசியில் நிர்வாகக் கூட்டம் முடிவு செய்யுமாம். "பலன் இருக்குன்னு நீங்க புள்ளிவிவரத்துல காட்டுங்க. மீதிய நான் பேசிக்கறேன்" என்றார். ஆஸ்பத்திரியில் எண்களை அலசிப் பார்க்க நான் ஒருத்திதான்.

எண்களைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, எந்தச் சோதனை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தால் மனசு தனக்குப் பிடித்த பதிலைத்தான் தேடும். முப்பத்தொரு நோயாளிகள். பயிற்சிக்கு முன் கைப்பிடியின் வலிமை எத்தனை கிலோ, மூன்று மாதம் கழித்து எத்தனை கிலோ. ஒரே ஆளை இரண்டு முறை அளந்திருப்பதால் ஜோடிச் சோதனை. ஒவ்வொருவரையும் அவரவரோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். இருபது கிலோ பிடிக்கிறவரையும் மூன்று கிலோ பிடிக்கிறவரையும் ஒரே குவியலில் கொட்டினால், ஒரு கிலோ முன்னேற்றம் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

பிப்ரவரி 12

கண்ணை மூடிக்கொண்டே செய்திருக்கலாம்.

ஃபைல் வந்தது. இரண்டே பத்தி – முன், பின். சோதனையை ஓட்டினேன். பி மதிப்பு 0.0001-க்கும் கீழே! பயிற்சியால் எந்தப் பலனும் இல்லையென்றால், தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வர பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அண்ணிக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தேன்.

அப்புறம்தான் எண்களைப் பார்த்தேன். முன் பத்தி மேலிருந்து கீழே சிறியதிலிருந்து பெரியது வரை. பின் பத்தியும் சிறியதிலிருந்து பெரியது வரை. மூன்று மாதத்தில் ஒருவர்கூட இன்னொருவரை முந்தவில்லையாம். மனிதர்கள் எங்கே அப்படி இருக்கிறார்கள்? பெயர் போடக்கூடாது என்பது விதி. வரிசை எண்ணும் போடவில்லை.

அண்ணனின் அளவு எனக்குத் தெரியும். இரண்டு தடவையும் பக்கத்தில் நின்றவள் நான். முன்பு மூன்றரை, பிறகு நாலரை. பட்டியலில் மூன்றரை ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே ஐந்து புள்ளி இரண்டு.

அது யாருடைய கை?

பிப்ரவரி 13

பயிற்சி கொடுக்கிற பெண்ணை எல்லோரும் 'ஸ்கேல்' என்று கூப்பிடுவார்கள். துண்டைக்கூட ஓரத்தோடு ஓரம் சேர்த்துத்தான் மடிப்பாள்.

"நான்தான் மேடம் அடுக்கினேன். தாறுமாறா கிடந்துச்சு. ரெண்டு பத்தியையும் தனித்தனியா வரிசைப்படுத்திட்டேன், உங்களுக்கு வசதியா இருக்கட்டுமேன்னு."

அண்ணனின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டவள். இவளை என்னவென்று திட்டுவது? விளக்கிச் சொன்னதும் முகம் வெளிறிப்போனது. "மறுபடியும் கலைச்சு விட்டுடலாமா மேடம்?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 16

அடுக்கியதைப் பழைய ஃபைலின் மேலேயே சேமித்திருக்கிறாள்; காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்: "அந்த ஃபோல்டர் பேக்கப் லிஸ்ட்லயே இல்லையே மேடம்." அளக்கும் கருவியிலும் பழையவை அழிந்து புதியவை ஏறிவிட்டன.

இன்றைய கையை இன்னொரு தடவை அளக்கலாம். அன்றைய கையை எங்கே போய்த் தேடி அளப்பது?

பிப்ரவரி 17

தலைவலி. எதுவும் ஓடவில்லை.

பிப்ரவரி 19

மிச்சமிருப்பது ஒன்றுதான் – முன் அளவுகளையும் பின் அளவுகளையும் வேறு வேறு ஆட்களுடையவை என்று வைத்துக்கொண்டு செய்கிற சோதனை. இந்த வேலைக்குப் பொருந்தாத சோதனை என்று தெரிந்தேதான் செய்தேன். பி மதிப்பு 0.41 – பலனே இல்லாவிட்டாலும் நூற்றில் நாற்பத்தொரு தடவை இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும். ஒன்றுக்கும் உதவாது.

"முதல்ல ஒண்ணு வந்துச்சே, அதையே போடுங்க. அதுதான் சரியான சோதனைன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?" என்றார் பெரிய டாக்டர்.

"சோதனை சரிதான் டாக்டர். ஜோடிதான் பொய்."

"பலன் இருக்கறது உங்களுக்கே தெரியும். வீட்ல தினமும் பார்க்கறீங்க."

பார்க்கிறேன். பொய்க் கணக்கு சொல்கிற பதில் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு பக்கத்தையும் அடுக்கி வைத்துவிட்டால் உப்புச்சப்பில்லாத வித்தியாசம்கூட இப்படித்தான் ஜொலிக்கும். ஐந்து புள்ளி இரண்டு என் அண்ணனுடையது இல்லை என்று தெரிந்த பிறகு அதன் கீழே எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

எழுதிக் கொடுத்தேன்: ஜோடிகள் கலைந்துவிட்டன, செய்ய முடிந்த சோதனையில் பலன் உறுதிப்படவில்லை, முறையாக மறுபடி அளந்து பார்க்க, அறை தொடர வேண்டும்.

பிப்ரவரி 27

கூட்டம் முடிந்தது. அறையை மூடுகிறார்கள். காரணம்: "பலன் இல்லை."

நான் அப்படி எழுதவே இல்லை. நிர்வாகியைப் படிக்கட்டில் பிடித்துச் சொன்னேன். "உறுதிப்படல, இல்ல – ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஒண்ணு இல்ல. ஒண்ணே இல்ல! எத்தன தடவ சொல்றது? யார்ட்ட போய்ச் சொல்றது?

மார்ச் 1

அண்ணனிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. "என்ன கணக்கு, நான் ஃபெயிலா?" என்று கேட்டான். சின்ன வயதிலிருந்தே என்னைக் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவான்.

"நீ ஃபெயில் இல்லண்ணா. உன் பேப்பரத் தொலைச்சுட்டாங்க."

வாய்விட்டுச் சிரித்தான். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 20

அந்த அறையில் இப்போது உடைந்த சக்கர நாற்காலிகள். ஸ்கேலைக் குழந்தைகள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

மே 11

ஸ்கேல் அந்தக் கருவியை ஒருநாள் இரவல் வாங்கிக் கொடுத்தாள். அண்ணன் வீட்டில் ரப்பர் பந்தை விடாமல் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் அவள் மாதிரி விரலை விரித்துவிட எங்களுக்கு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கருவியை அழுத்தினான்.

மூன்று புள்ளி ஆறு.

"எவ்வளவு?" என்றான்.

"நாலரை. அப்படியேதான்ணா இருக்கு."

கூட்டத்துக்கு எழுத வராதது, வீட்டில் தடுமாறாமல் வந்துவிட்டது. அவன் சரி என்று தலையாட்டினான்.

பிறகு வெளியே போகக் கிளம்பினான். சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணியின் முன்னால் போய் நின்றான். அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மேல் பட்டனைப் போட்டுவிட்டார்.