இரண்டு விரல் அகலம்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
14 செப்டம்பர் 1986

அன்புத் தங்கை சீதாலெட்சுமிக்கு,

நலம். தீபாவளி மிளகாய்த்தூள் ஆர்டருக்குக் கழுவிய மிளகாய் காயவில்லை, மத்தியானம் தவறாமல் மழை என்று எழுதியிருந்தாய். வெயில் பெட்டி ஒன்று செய்து லோரியில் அனுப்பியிருக்கிறேன். அடியில் கறுப்புச் சாயம் அடித்த தகரம். மேலே பிளாஸ்டிக் தாள். கண்ணாடி என்றால் சூட்டை இன்னும் நன்றாகப் பிடிக்கும்; ஆனால் சூட்டோடு மழை பட்டால் விரிசல் விடும். பிளாஸ்டிக் ஒரு வருஷத்தில் மங்கினால் மாற்றிக்கொள்ளலாம். காற்று வெளியேறும் வாசலை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டியிருக்கிறேன்; அதைப் பெரிதாக்காதே. உள்ளே வைத்திருக்கும் வெப்பமானி எண்பது டிகிரியைக் காட்ட வேண்டும்.

உன் வீட்டுக்காரர் இதில் கை வைக்க வேண்டாம். நான் வந்து சேருமுன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அவசரக்காரர். ஆறு வருஷமாகியும் நான் மறக்கவில்லை.

உன் அண்ணன்,
ஜெயராஜ்


கிள்ளான்,
25 செப்டம்பர் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

வெப்பமானி எண்பத்திரண்டு காட்டியது. மிளகாயோ வியர்த்து, கறுத்து, வாடை அடித்தது. ஒரு மூட்டையைக் கொட்டிவிட்டேன். நான் அழுததைப் பார்த்து அவர் தகரக் கத்தரியை எடுத்தார். "மச்சான் கணக்கு சரிதான் லா. ஆனா ஈரம் வெளிய போக வழி வேணும்ல?" என்று வாசலை ஒரு சாண் வெட்டிவிட்டார். சூடு ஐம்பத்தைந்துக்கு இறங்கியது. மிளகாய் இரண்டே நாளில் சலசலக்கிறது. கோபிக்காதீர்கள்.

இன்னொன்று. அப்பாவை எடுத்த அன்று உங்கள் பஸ் குவாந்தானில் நின்றுவிட்டதென்று போன் வந்தபோது, "மச்சான் வரட்டும்" என்றவர் அவர்தான். இருட்டுகிறது, எடுத்துவிடலாம் என்றது நான். இத்தனை வருஷம் உங்கள் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு, அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

தங்கை,
சீதாலெட்சுமி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
13 அக்டோபர் 1986

சீதாவுக்கு,

பதில் எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். சூடு குறைந்தாலும் காற்று அதிகம் போனால், அது கொண்டுபோகும் ஈரமும் அதிகம். இதை ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு வருஷாவருஷம் பாடமாக நடத்துகிறவன் நான். எண்பது என்ற எண்ணையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். சனிக்கிழமை கிள்ளான் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில், பத்து தீகா ஸ்டாப்பில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

ஒரு சாணும் அதிகம்தான். மழை நாளில் சூடு நிற்காது. சாத்தித் திறக்க ஒரு தகரக் கதவு வேண்டும். ஞாயிறு காலை கொண்டுவருகிறேன். மாப்பிள்ளை அதுவரை எதையும் வெட்ட வேண்டாம். நான் வந்து சேரும்வரை காத்திருக்கச் சொல்.

அண்ணன்