சத்தமான வீடு

ஜூலை 8, செவ்வாய்

காலையில் தூறல். துணி காயவில்லை. மாமனார் பிள்ளைச்சாவடிக்கு, நாத்தனார் வீட்டில் ஒரு வாரம். மில்லில் தறிச் சத்தத்திலேயே போன காது. என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த காது மெஷின் பீரோவில், பெட்டிகூடப் பிரிக்காமல். "போயிட்டு வர்றேன்மா" என்றது எங்கள் மூலக்குளம் முழுக்கக் கேட்டிருக்கும். இப்போது வீடு வெறிச்சென்று.

மதியம் மகள் கயலின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். டீச்சர்: "எத சொன்னாலும் முழிக்கறா. புத்தி மந்தம்னு நெனைக்கறேன். வேற ஸ்கூல் பாருங்க." திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். வீட்டில் வாய் ஓயாத பெண் அவள். பஸ்ஸில் அழுதேன்.

வாங்க: உளுந்து, ரிப்பன், பினாயில்.

ஜூலை 9, புதன்

சாப்பிடக் கூப்பிட்டேன், கயல் திரும்பவே இல்லை. கத்தியதும் ஓடி வந்தாள். இவர், "டீச்சர் சொன்னது சரிதான் போல." எரிச்சல். போன வாரம் வரை ஒழுங்காகத்தானே கேட்டாள்?

ரிப்பன் மறந்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

பாத்திரம் தேய்க்கும்போது தோன்றியது. மாமனாருக்காக இங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். டிவியும் அலறும். அவர் போனதிலிருந்து மெதுவாகப் பேசுகிறோம்.

கயல் படம் வரைந்துகொண்டிருந்தாள். பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். ம்ஹூம். கொஞ்சம் உரக்க. ம்ஹூம். மாமனாரிடம் பேசும் குரலில் கூப்பிட்டதும், "என்னம்மா?"

அவசரப்பட்டு யாரிடமும் சொல்லக் கூடாது. இன்னும் பார்க்க வேண்டும்.

ஜூலை 12, சனி

நேற்றும் இன்றும் அதேதான். முகத்தைப் பார்த்தால் மெதுவாகச் சொன்னாலும் பதில் வருகிறது. வாயசைவை வைத்தே பிடித்துக்கொள்கிறாள், கள்ளி. முதுகுப் பக்கமிருந்து "ஐஸ்கிரீம் வேணுமா" என்றால் அசையவில்லை. ஐஸ்கிரீமுக்கு அசையாத பிள்ளை உண்டா?

இவரைக் கூட்டி வந்து நிறுத்தினேன். அவரும் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு, "திங்கக்கெழம லீவு போடறேன். ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

ஜூலை 14, திங்கள்

ஆஸ்பத்திரியில் நீள வரிசை. டாக்டரம்மா: "ரெண்டு காதும் கொறவு. புத்திக்கு ஒண்ணும் இல்ல, கெட்டிக்காரி. மெஷின் வெச்சா போதும். இவ்ளோ நாளா எப்டி தெரியாம போச்சு?"

"எங்க ஊட்ல எல்லாரும் கத்துவோம் டாக்டர்."

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பள்ளிக்கூடத்தில் சொல்லியாயிற்று. இனி முதல் பெஞ்சு.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். மாமனார் வந்துவிட்டார். விஷயத்தைக் கத்திச் சொன்னேன். கயலுக்கு மெஷின் என்றாலே அழுகை. "தாத்தாவே போடல. நான் மட்டும் ஏன்?" என்று ஒரே கத்தல்.

மாமனார் எழுந்து போய் பீரோவைத் திறந்தார். பெட்டியைப் பிரித்தார்.

"ஏம்மா, இத எப்டி மாட்டணும்?"

தெரு முழுக்கக் கேட்டது.