எருமைக்குப் போன கொள்ளு

பிப். 3, செவ்வாய்

பனி. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியாச்சு. நாளை பீளமேடு ஆஸ்பத்திரி, வீட்டுக்காரருக்கு மூன்றாம் மாதச் செக்கப். எடுக்க வேண்டியவை: ஃபைல், மாத்திரை டப்பா, வெந்நீர் ஃபிளாஸ்க், அவர் ஸ்வெட்டர்.

காலை ஆறரை. வழக்கம்போல் கக்கூஸ் கதவுக்கு வெளியே நான். நவம்பரில் உள்ளே முக்கிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சுவலி வந்து சாய்ந்தார். கதவை உடைத்துத் தூக்கினோம். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்ததிலிருந்து தாழ் போடுவதில்லை, நான் வெளியே நிற்க வேண்டும். இன்று இருபத்தைந்து நிமிடம்.

“இருக்கறயா அம்மணி?”

“இருக்கறனுங்க.”

நாலு தடவை கேட்டார். ஒன்றும் போகாமல் வெளியே வந்தார், முகமெல்லாம் வேர்வை. பயமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மரத்துப்போய்க் கிடக்கிறது.

பிப். 4, புதன்

பல்லடத்தில் பஸ் ஏறும்போதே எட்டேகால். ஆஸ்பத்திரியில் கூட்டம். ஈசிஜி பரவாயில்லை. டாக்டர், “முக்கவே கூடாதுங்க, இதயத்துக்கு ஆகாது” என்று சொல்லி டயட் ரூமுக்கு அனுப்பினார். அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண், மூக்குக்கண்ணாடி.

“தினம் என்னங்கம்மா குடுக்கறீங்க?”

பெருமையாகவே சொன்னேன். “கொள்ளு ரசமுங்க. ஊட்டுக்கு வந்ததுலருந்து ஒரு நாள் தவறலைங்க. கொழுப்பக் கரைக்குமுங்களே.”

“ரசம் சரிங்க. வெந்த கொள்ளு?”

“அது பக்கத்தூட்டு எருமைக்குங்க.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “நாரெல்லாம் அதுலதானுங்கம்மா இருக்குது. மலத்த இளக்கறதும் அந்த நார்தான், கொழுப்பக் கொஞ்சம் புடிச்சு வெளிய தள்றதும் அதுதான். நீங்க ஐயாவுக்குத் தண்ணியக் குடுத்துப்போட்டு எருமைக்கல்லவா வைத்தியம் பாத்திருக்கீங்க!”

அவர் சிரித்தார். நவம்பருக்குப் பிறகு முதல் சிரிப்பு. எனக்கு வரவில்லை.

பிறந்த வீட்டிலும் இப்படித்தான், இங்கேயும் இப்படித்தான். வடித்த தண்ணீர் மனுசருக்கு, வெந்தது மாட்டுக்கு. யாரும் யோசித்ததே இல்லை.

அவள் சொல்ல நான் எழுதியது:
– கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை. தோலோடு, முழுசாக
– முந்தின நாளே ஊறப்போட
– கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட
– தண்ணீர் நிறைய
– மாத்திரை நிறுத்தவே கூடாது (அடியில் இரண்டு கோடு)

மூன்று மாதக் கொள்ளு. இதற்குள் அவர் மறுபடி சாய்ந்திருந்தால் காரணம் நான். இதை எழுதி வைத்துவிட்டு நாளைக்குக் கொண்டைக்கடலை ஊறப்போட வேண்டும்.

பிப். 6, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. தறி வேலைக்குப் போகவில்லை அவர்.

நேற்றுக் காலை கொண்டைக்கடலைச் சுண்டல், மதியம் தட்டைப்பயறுக் குழம்பு, பொழுது சாய கொள்ளு கடைசல். இன்று காலையும் பச்சைப்பயறு, கிண்ணம் நிறைய. விட்டதை எல்லாம் ஒரே நாளில் பிடித்துவிடலாம் என்று நினைத்த புத்திசாலி நான்.

பதினொரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “அடைக்குது அம்மணி.” ஆட்டோ. தெருமுனை கிளினிக். மறுபடி ஈசிஜி. நான் பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச்சுவர்க் காலண்டரில் முகூர்த்த நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த மாதம் எத்தனை என்று இப்போதும் சொல்வேன்.

நர்ஸ் வந்து, “ஹார்ட் ஒண்ணுமில்லீங்க, வாயு. அப்படி என்னத்தப் போட்டீங்க?” என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாக என்று எழுதிய அதே கைதான் கரண்டி கரண்டியாக அள்ளி வைத்தது. என் மேலேயே அவ்வளவு வெறுப்பு. ஆட்டோவில் அவர்தான், “உடு, வாயுதான” என்றார்.

பிப். 9, திங்கள்

சின்ன டம்ளர் பயறு, ஒரு வேளைக்கு மட்டும். சொம்பில் தண்ணீர், குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நான். ஏகப்பட்ட முணுமுணுப்பு.

காலையில் பதினெட்டு நிமிடம். கொஞ்சம் போனது.

பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, “ஏனுங் அம்மணி, கொள்ளு வாரதில்லையே? எருமை உங்கூட்டு வாசலையே பாத்துட்டு நிக்குதே” என்றாள். இனி அவருக்குத்தானுங்க என்றேன். “அட சாமி! ரெண்டு பேரையும் ஒரே தொட்டியில கட்டிப்போட்டயா?” என்று சிரித்தாள். எருமைக்குக் கழுநீர் மட்டும் ஊற்றினேன்.

தையல்காரரிடம் ரவிக்கை வாங்கவில்லை. மறந்தேன்.

பிப். 13, வெள்ளி

டம்ளர் கொஞ்சம் பெரிதாச்சு. வாயு இல்லை. பதினொரு நிமிடம். இரண்டு தடவைதான் கூப்பிட்டார்.

பிப். 17, செவ்வாய்

மேகமூட்டம். தட்டைப்பயறு முளை கட்டியிருக்கிறது.

ஆறரைக்குப் போனார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கூப்பிடவே இல்லை. முக்கல் சத்தம் இல்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம், பிறகு வெளியே வந்துவிட்டார். வேர்வை இல்லை. கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய மாதிரி முகம்.

“நல்லாப் போச்சு. இனி நீ நிக்க வேண்டாம் அம்மணி. போயிக் காப்பியக் குடி.”

“சரிங்க.”

சட்டையை மாட்டிக்கொண்டு தறிக்குக் கிளம்பிவிட்டார். கேட் சாத்தும் சத்தம் கேட்டது. சந்தோஷப்பட வேண்டிய நாள். அடுப்படிக்குப் போய்க் காப்பி கலந்தேன். டம்ளரோடு எங்கே நடந்தேன் என்று தெரியவில்லை. பார்த்தால் மறுபடி அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கிறேன். உள்ளே யாரும் இல்லை.

காப்பி ஆறிப்போகும் வரை அங்கேயே நின்று அழுதேன்.