இருக்கையில் இருந்தும் வராதவளாகப் பதிவான பதினான்கு நாட்கள்

அனுப்புநர்:
அட்டவணை எழுத்தர் (தகுதிகாண் பருவம்),
ஆவணப் பிரிவு, இரண்டாம் தளம்.

பெறுநர்:
நிர்வாக மேலாளர் அவர்கள்,
ஆறாம் தளம்.

பொருள்: மடிக்கணினிக்கு அலுவலக இணைய இணைப்பு கிடைக்காமை, அதனால் வருகை பதிவாகாமை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மூன்று மாதத் தகுதிகாண் பருவத்தில் பணிபுரிகிறேன். அது இம்மாதம் 30ஆம் தேதி முடிகிறது. காலையில் நம் மடிக்கணினி அலுவலக இணைப்பில் சேரும் நேரமே நம் வருகையாகப் பதிவாகும் என்பது தாங்கள் அறிந்ததே. 3ஆம் தேதி முதல் என் மடிக்கணினி இணைப்பில் சேரவில்லை. அன்று முதல் இன்றுவரை பதினான்கு வேலை நாட்களும் நான் வரவில்லை என்றே பதிவாகியுள்ளது. ஒரு நாள்கூட நான் வராமல் இருந்ததில்லை.

2. தொலைபேசியில் ஏழு முறை புகார் அளித்தேன். ஏழு முறையும் மடிக்கணினியை அடித்தளத்திலுள்ள தொழில்நுட்பரின் அறைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அங்கே அது உடனே வேலை செய்கிறது. "பாருங்க, பறக்குது! நீங்க சும்மா பயப்படுறீங்க" என்று சொல்லிப் புகாரை முடித்துவிடுகிறார். மூன்று மாடி ஏறி என் மேசைக்கு வந்தால் மறுபடியும் இணைப்பு இல்லை. ஒருமுறை அவரே மேலே வந்து, தம் மடிக்கணினியை என் மேசையின் இணையக் கம்பியில் செருகிப் பார்த்து, லைன் சரி என்று எழுதிச் சென்றார். லைனும் சரி, மடிக்கணினியும் சரி என்றால் மிச்சம் இருப்பது நான்தான்.

3. காரணத்தை நானே ஒருவாறு கண்டறிந்தேன். இந்த மடிக்கணினி எனக்கு முன் இவ்வேலையில் இருந்த அம்மையார் பெயரில் பதிவானது. 2ஆம் தேதி, விலகிச் சென்றவர்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது இதையும் சேர்த்து நீக்கிவிட்டார்கள். தொழில்நுட்பரின் அறையில் உள்ளது பழுது பார்ப்பதற்கான தனி இணைப்பு. அது எந்த இயந்திரத்தையும் பெயர் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும்.

4. என் பெயரில் பதிவு செய்ய விண்ணப்பம் உண்டு. அதை அலுவலக இணைப்பின் வழியாக, அதே மடிக்கணினியிலிருந்துதான் அனுப்ப வேண்டுமாம். பழுது பார்க்கும் இணைப்பில் அந்தப் பக்கம் திறப்பதில்லை.

5. பிரிவு அலுவலரிடம் முறையிட்டேன். அவர் நல்லவர். "உன்னை நான் தினம் பாக்குறேன்மா. ஆனா பார்த்தேன்னு எழுத ஃபார்ம்ல இடம் இல்லையே" என்றார். பக்கத்து மேசை அக்கா இப்போதெல்லாம் "என்ன ஆப்சென்ட், காபி குடிக்க வர்றியா?" என்றுதான் கூப்பிடுகிறார். முதல் வாரம் நானும் சிரித்தேன்.

6. ஒரு வாரத்துக்கு மேல் தகவலின்றி வராதது ஏன் என ஐந்து நாட்களுக்குள் விளக்கம் கேட்டு 15ஆம் தேதி எனக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள். அது என் அலுவலக மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறது. அதை நான் திறக்க வழியில்லை. பிரிவு அலுவலருக்கு வந்த நகலை அவர் திரையில் இன்று காலைதான் படித்தேன். கெடு முந்தாநாளே முடிந்துவிட்டது. விளக்கம் வராவிட்டால் 30ஆம் தேதியுடன் விடுவிக்கப்படுவேன் என்று கடைசி வரியில் இருந்தது.

7. இந்தப் பதினான்கு நாட்களில் 412 கோப்புகளுக்கு நோட்டுப் புத்தகத்தில் கையால் அட்டவணை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி உண்டு. இதைச் சான்றாக ஏற்க விதி இருக்கிறதா எனத் தெரியவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் சரியான நேரத்துக்குக் கிளம்பும் மகளை வேலைக்கு வரவில்லை என்று நீக்கினார்கள் என்பதை எப்படிச் சொல்வது? மனுவுக்கு இது தேவையற்ற செய்தி என்பதை அறிவேன்.

8. இம்மனுவைத் தபால் பிரிவில் கொடுத்தால் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவார்கள் என்றும், பதில் என் மின்னஞ்சலுக்கு வரும் என்றும் கூறினார்கள். ஆகவே பெரிதாக எதையும் எதிர்பார்த்து இதை எழுதவில்லை. இயலுமானால் பதிலைத் தாளில் அனுப்புங்கள். அதுவும் இயலாதெனில், யாரையேனும் ஒருமுறை இரண்டாம் தளத்துக்கு அனுப்பி, சன்னலிலிருந்து மூன்றாவது மேசையைப் பார்க்கச் சொல்லுங்கள். 30ஆம் தேதி மாலை வரை அங்கே இருப்பேன்.

இடம்: என் இருக்கை
நாள்: 22 செப்டம்பர்

பணிவுடன்,
(கையொப்பம்)
அட்டவணை எழுத்தர்

இணைப்பு: நோட்டுப் புத்தகம் ஒன்று. பார்த்தபின் திருப்பித் தர வேண்டுகிறேன். நாளைய கோப்புகளை அதில்தான் எழுத வேண்டும்.